பசித்தவனுக்குத் தன் முகத்தைக் கொடுத்தவன்

தம்பியின் மகளுக்கு நாலு வயது. போன நோன்பு மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, என் கைப்பேசியில் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்ட முகமும் சிவந்த மூக்கும் கொண்ட ஒருவன் பறந்து வந்தான். பசியில் அழுதுகொண்டிருந்த ஒரு குட்டிக்குத் தன் முகத்திலேயே ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுத்தான். பெரியவாப்பா, அவருக்கு நோகாதா என்று கேட்டாள் பிள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் தக்காஷி யனாசே என்ற மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

அந்தப் பறக்கும் நாயகனின் பெயர் அன்பான்மான். அன்பான் என்பது உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுட்ட ஜப்பானியப் பணிஸ். ஜப்பானியர் சொல்லும் பானும் நாங்கள் சொல்லும் பாணும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ஒரே சொல்தான். காத்தான்குடியில் பேக்கரிக்காரரின் மகனாய்ப் பிறந்த எனக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளைக்கோ அவன் அன்பான மனிசன். அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நான் திருத்தவில்லை.

யனாசே பிறந்தது 1919 பெப்ரவரி 6 ஆம் திகதி. பத்திரிகையாளரான தகப்பன் 1924 இல் சீனாவில் வைத்து இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்டு போய்விட்டார். தக்காஷியும் தம்பி சிஹிரோவும் கொச்சி மாகாணத்தில் வைத்தியராக இருந்த பெரியப்பா வீட்டில் வளர்ந்தார்கள். பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்வது எப்படியென்று எங்கள் மண்ணில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தெரியும். சோறு கிடைக்கும், அன்பும் கிடைக்கும். ஆனாலும் பிள்ளை அடுத்தவர் முகம் பார்த்தே வளரும்.

தோக்கியோவில் வடிவமைப்புப் படித்து முடித்து, ஒரு மருந்துக் கம்பனியில் விளம்பரம் வரைந்துகொண்டிருந்த அவரை 1941 இல் இராணுவம் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது. பீரங்கிப் படையோடு சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பெரிய சண்டைகளில் நின்றவர் அல்ல. சங்கேத எழுத்து வேலையும், ஊர்ச் சனங்களுக்குக் காட்டும் பிரசாரப் படக்கதை வேலையுமே அவருக்குக் கிடைத்தன. போரில் அவர் கண்டது பசியை. சாப்பாட்டு வண்டி வராத கடைசிக் காலத்தில் காட்டுப் புல்லைப் பிடுங்கித் தின்று உயிர் காத்தார். நடையும் களைப்பும் பழகிப்போகும், பசி மட்டும் பழகாது என்பது கடைசிவரை அவர் சொல்லிவந்த பாடம்.

1946 இல் ஊருக்குத் திரும்பினார். தம்பி இல்லை. கடற்படையில் சேர்ந்திருந்த சிஹிரோ, இருபதுகளின் தொடக்கத்திலேயே, 1944 இல் கப்பலோடு கடலில் போயிருந்தான். தம்பியை எடுத்துக்கொண்ட அந்தப் போரை நீதிக்கான போர் என்று சொல்லித்தான் இருவரையும் அனுப்பியிருந்தார்கள். தோற்ற மறுநாளே எல்லாம் தலைகீழானது. நேற்றைய நீதி இன்றைக்கு அநியாயம். அப்படியென்றால் ஒருபோதும் தலைகீழாகாத நீதி எது? இந்தக் கேள்விதான் யனாசேயின் மிச்ச வாழ்க்கை. அவருக்குக் கிடைத்த விடை மிகச் சிறியது. பசித்தவனுக்கு ஒரு துண்டு பாண் கொடுப்பது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சரியானது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது ஆயுததாரிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அதில் என் சாச்சாவும் ஒருவர். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயல் ஊர்களிலும் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்ச் சனங்கள், கைக்குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர், கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் துவக்கு வைத்திருந்தவர்களிடம் ஒரு நீதி இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த நாட்களில் ஒரு மாலை, எங்கள் பேக்கரியில் முன்பு வேலை செய்த ஆரையம்பதி ஆள் ஒருவர் வாவிக்கரைப் பக்கமாக வந்து நின்றார். வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டு இரண்டு நாள் என்றார். தம்பியை அடக்கி ஒரு மாதம்கூட ஆகாத என் வாப்பா, நாலு இறாத்தல் பாணைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார். ஊரில் பலர் வாப்பாவோடு பேச்சை விட்டார்கள். கடைக்கு வருவோர் குறைந்தார்கள். நானும் கோபித்துக்கொண்டேன். வாப்பா ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியப்புறம் வழமைபோல மா குழைத்தார்.

யனாசேயும் நீண்ட காலம் மா குழைத்துக்கொண்டே இருந்தவர்தான். ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அங்கே சந்தித்த நொபுவை மணந்தார். பிறகு தோக்கியோவின் பெரிய அங்காடி ஒன்றில் விளம்பரப் பகுதியில் இருந்தார். 1953 இல் வேலையை விட்டு முழுநேரக் கேலிச்சித்திரக்காரர் ஆனார். கூட வரைந்தவர்கள் புகழ் பெற்றார்கள். இவர் மேடைக்கு வரைந்தார், வானொலிக்கு எழுதினார், கேட்ட வேலையெல்லாம் செய்தார்.

1969 இல் அவர் எழுதிய முதல் அன்பான்மான் பெரியவர்களுக்கான சிறுகதை. அதில் நாயகன் பசித்த பிள்ளைகளுக்குப் பணிஸ் கொண்டு பறக்கும் தொப்பை விழுந்த மனிதன். கடைசியில் வானத்தில் வைத்துச் சுடப்படுகிறான். 1973 இல் அதைச் சிறுவர் படப் புத்தகமாக மாற்றியபோது அவன் தலையே பணிஸ் ஆனது. அவன் முகத்தைத் தின்னக் கொடுப்பது கொடூரம் என்று ஆசிரியர்களும் விமர்சகர்களும் முகம் சுளித்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளோ பாலர் பாடசாலைகளில் அந்தப் புத்தகத்தைக் கிழியக் கிழியப் பார்த்தார்கள். 1976 இல் கதை இசை நாடகமாக மேடையேறியது. 1988 ஒக்டோபர் 3 ஆம் திகதி தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியபோது யனாசேக்கு 69 வயது. அந்தத் தொடர் இன்றைக்கும் ஓடுகிறது. 2009 இல், ஆகக் கூடிய பாத்திரங்கள் கொண்ட கார்ட்டூன் தொடர் என்று 1,768 பாத்திரங்களோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அன்பான்மான் அரும்பொருளகங்களில், பெரிய உருண்டைத் தலை வேடமிட்டவர்கள் மேடையில் ஆட, பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார்கள்.

கதையில் ஒரு எதிரியும் உண்டு. பைக்கின்மான் என்ற கிருமி. அன்பான்மான் குத்துவான், கிருமி தூரப் போய் விழும். ஆனால் அவனை யாரும் கொல்வதில்லை. அடுத்த முறையும் வருவான். அன்பான்மானும் வல்லவன் அல்ல. முகம் நனைந்தால் பலம் போய்விடும், ஒரு துண்டைக் கொடுத்தாலும் பலம் குறையும். பேக்கரிக்கார ஜாம் மாமா புது முகம் சுட்டு வைத்தால்தான் மறுபடி எழும்புவான்.

2011 மார்ச் 11 ஆம் திகதி ஜப்பானைச் சுனாமி அடித்தது. 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட எங்கள் கடற்கரைச் சனத்துக்கு அந்தக் காட்சிகளைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. அகதி முகாம்களில் பிள்ளைகள் அன்பான்மான் தொடரின் பாட்டைப் பாடினார்கள். அது யனாசே எழுதிய பாட்டு. வானொலிகளுக்கு அதைக் கேட்டு வேண்டுகோள்கள் குவிந்தன. 92 வயதில், நோயோடு, ஓய்வு பெற எண்ணியிருந்த கிழவர் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பாதிக்கப்பட்ட இடங்களுக்குப் படம் வரைந்து அனுப்பினார். 2013 ஒக்டோபர் 13 ஆம் திகதி, 94 வயதில் காலமானார். நொபு 1993 இலேயே போய்விட்டிருந்தார். பிள்ளைகள் அவர்களுக்கு இல்லை.

பிள்ளை கேட்ட கேள்விக்கு யனாசேயிடம் பதில் இருந்தது. நல்லது செய்கிறவனுக்குக் காயம் படாமல் இராது, தன்னில் ஒரு துண்டு குறையாமல் யாருக்கும் உதவ முடியாது என்பதே அவர் எண்ணம். முகத்தைப் பிய்த்துக் கொடுக்கும் நாயகனை அவர் வரைந்ததும் அதனால்தான்.

வாப்பா இப்போது இல்லை. அந்த நாலு இறாத்தல் பாணைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நோன்பு முடிந்து பெருநாளைக்கு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நோகும் என்று சொன்னேன். பிறகு, யார் புது முகம் சுட்டுக் கொடுப்பார்கள் என்று அவளே விளக்கத் தொடங்கினாள்.