யார் இந்த ஜான் போல்பி? குழந்தையைக் காப்பாற்ற குடும்பத்துக்கே சிகிச்சை கேட்ட டாக்டர்

ஒரு வீட்டில் குழந்தையைச் சரியா கவனிக்கலைன்னா என்ன செய்யறது? கூட்டிட்டுப் போய் காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான். ஒரு காலத்தில் பிரிட்டனில் பலருடைய பதில் இதுவாகத்தான் இருந்தது. அதைக் கேள்வி கேட்டவர் மனநல மருத்துவர் ஜான் போல்பி.

ஆயா வளர்த்த பிள்ளை

1907-ல் லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய அறுவை சிகிச்சை நிபுணர், வசதிக்குக் குறைவில்லை. ஆனால், அன்றைய பணக்கார வீட்டு வழக்கப்படி அம்மாவைப் பார்க்கக் கிடைத்தது தினமும் ஒரு மணி நேரம் போலத்தான். பாசமாக வளர்த்த ஆயா வேலையை விட்டுப் போனபோது அவருக்கு 4 வயதுகூட நிரம்பவில்லை. பெரியவரான பிறகும் அந்த இழப்பைப் பற்றிப் பேசினார்.

44 பிள்ளைகள்

லண்டனில் குழந்தைகளுக்கான மனநல மையத்தில் வேலை பார்த்தபோது, திருட்டுப் பழக்கம் உள்ள 44 பிள்ளைகளை ஆராய்ந்தார். அவர்களில் யார் மேலும் ஒட்டுதலே இல்லாதவர்கள் 14 பேர். அந்த 14 பேரில் 12 பேர், சின்ன வயதில் தாயை நீண்ட காலம் பிரிந்தவர்கள். மற்ற 30 பேரில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர்தான். 1944-ல் இந்த ஆய்வு வெளியானது.

ஒரே அறையில் எல்லோரும்

போருக்குப் பிறகு டேவிஸ்டாக் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அதன் பெயரையே 'குழந்தைகள், பெற்றோர் பிரிவு' என்று மாற்றினார். அங்கே தனியாகச் சிகிச்சை கொடுத்தும் பெரிதாகத் தேறாத ஒரு பையனை, அம்மா அப்பாவோடு சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். முதலில் ஒருவர் மேல் ஒருவர் புகார்தான். பேசப் பேச, பெற்றோரின் கடுமைக்குப் பின்னால் அவர்களுடைய சொந்தக் குழந்தைப் பருவக் காயங்கள் இருப்பது தெரிந்தது. 1949-ல் இதை அவர் கட்டுரையாக எழுதினார். குடும்ப சிகிச்சையின் ஆரம்பகால எழுத்துகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் எழுதிய அறிக்கையில் பணக் கணக்கையும் எடுத்தார். காப்பகத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் அரசுகள், அதே குழந்தையை வீட்டிலேயே வளர்க்கத் தாய்க்கு உதவத் தயங்குவது ஏன் என்று கேட்டார்.

விமர்சனமும் உண்டு

எல்லாப் பொறுப்பையும் அம்மா தலையில் கட்டுகிறார், பெண்களை வேலைக்குப் போகவிடாமல் தடுக்கிறார் என்று கண்டனம் எழுந்தது. குழந்தை அம்மாவிடம் மட்டுமல்ல, வேறு சிலரிடமும் பாசப் பிணைப்பை வளர்த்துக்கொள்ளும். பிரிவைவிட வீட்டுச் சண்டையே அதிகம் பாதிக்கலாம் என்று மைக்கேல் ரட்டர் 1972-ல் எடுத்துக்காட்டினார். அதாவது, சரிசெய்ய வேண்டியது அம்மாவை மட்டும் இல்லை, முழுக் குடும்பத்தையும்தான்.

இன்று என்ன?

போல்பி 1990-ல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்து, வேல்ஸுக்கான குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. ஆபத்து என்றால் குழந்தையை அங்கிருந்து மீட்க அதில் வழி உண்டு. ஆனால், பாதுகாப்பு இருக்கும்வரை சொந்தக் குடும்பத்திலேயே வளர உதவுவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது அந்தச் சட்டம்.