நரைமுடி வைத்த கரிகாலன்

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. கேளம்பாக்கத்துல பஸ் ஏறி சிறுசேரி பக்கம் இன்டர்வியூவுக்குப் போனா, முதல்ல கேட்கிறது அனுபவம் இருக்கான்னுதான். இருபத்தொரு வயசுல அனுபவத்துக்கு எங்க போறது? கவலைப்படாதீங்க, இந்தப் பிரச்சனை ஒரு சோழ ராஜாவுக்கும் இருந்திருக்கு.

அவர்தான் கரிகாலன். சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி சோழநாட்டை ஆண்டவர். அப்பா பெயர் இளஞ்சேட்சென்னி. சின்ன வயசிலேயே பகைவர்கள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். தப்பி வந்துதான் அரியணை ஏறினார். அந்தச் சமயத்தில் தீயில் கால் கருகியதால் கரிகாலன் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பிறகு வெண்ணியில் நடந்த பெரிய போரில் சேரனையும் பாண்டியனையும் சேர்த்து ஜெயித்தார்.

ஆனா போரில் ஜெயிப்பது வேற, ஜனங்க நம்புவது வேற. ஒரு தடவை இரண்டு முதியவர்கள் வழக்கோடு சபைக்கு வந்தார்களாம். சின்னப் பையன் நமக்கு என்ன தீர்ப்பு சொல்லிடப் போறான்னு அவர்களுக்குத் தயக்கம். கரிகாலன் கோபப்படவில்லை. உள்ளே போய் நரைமுடி வைத்துக்கொண்டு, வயதானவர் மாதிரி வந்து உட்கார்ந்து வழக்கைக் கேட்டார். தீர்ப்பை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அதுக்கப்புறம்தான் தீர்ப்பு சொன்னது யாருன்னு தெரிஞ்சுது. பழமொழி நானூறு இந்தக் கதையைச் சொல்கிறது.

பைபிளில் வரும் சாலமோன் ராஜா கதை ஞாபகம் வருதா? அவரும் இளம் வயதில் அரசரானவர்தான். ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடியபோது, வாளைக் கொண்டுவரச் சொல்லி உண்மையான தாயைக் கண்டுபிடித்தார். சாலமோன் சோதித்தது வழக்காட வந்தவர்களை. கரிகாலன் மாற்றியது தன் தோற்றத்தை மட்டும். நரைமுடி அவருக்குப் புது அறிவு எதையும் கொடுக்கலை. ஏற்கெனவே இருந்த அறிவைக் காது கொடுத்துக் கேட்க வைத்தது, அவ்வளவுதான்.

சிவில் பசங்களுக்கு அவரை வேற மாதிரி தெரியும். காடழித்து ஊராக்கினார், குளங்கள் வெட்டினார் என்று பட்டினப்பாலை சொல்கிறது. காவிரிக்குக் கரை கட்டியதாகப் பிற்காலச் செப்பேடுகள் சொல்கின்றன. கல்லணையைக் கட்டியவரும் அவரே என்பது மரபு. சுமார் 1,080 அடி நீளம். அடியில் பாறை கிடையாது, வெறும் ஆற்று மணல். மணலில் பெரிய கற்களைப் போட்டால் அவை தானாகப் புதையும். அதன்மேல் இன்னும் கற்கள், நடுவில் களிமண். இப்படியே அடித்தளம் இறுகிவிடும். 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இந்த முறையைப் படித்துப் பார்த்துதான், ஆழமான மணலில் எப்படி அணை கட்டுவது என்று கற்றுக்கொண்டார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை அவர் கட்டினார்.

கல்லணையைப் பார்க்க வந்த காட்டன், கட்டியவருக்கு என்ன வயசு, எத்தனை வருஷ அனுபவம்னு கேட்க வழியே இல்லை. அணை நின்னுச்சு, அது போதுமா இருந்தது.

அதனால அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது டை கட்டுங்க, ஷூ பாலிஷ் போடுங்க, தப்பில்லை. கரிகாலனே நரைமுடி வைத்தவர்தான். ஆனா அதுக்குள்ள சொல்றதுக்கு ஒரு நல்ல தீர்ப்பும் தயாரா இருக்கட்டும்.