பைக்கைக் கழட்டிப் படித்த ஜி.டி. நாயுடு

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. ஆனால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஓட்டல் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து ஒரு ரட்ஜ் வண்டி வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகக் கழட்டி மறுபடி மாட்டினார். அதுதான் அவர் வாங்கிய டிப்ளமோ!

அந்தக் கால முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் மட்டுமே உண்டு. பள்ளத்தில் இறங்கினால் வண்டி குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பை ஆயிலால் அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை பி.எம்.டபிள்யூ கம்பெனி கொண்டு வந்தது 1935-ல்தான்.

நாயுடு 1920-ல் பொள்ளாச்சி–பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார், தானே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் வரக் காரணமானார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

சங்கரன்கோவில் ரோட்டில் பழைய புல்லட்டை ஓட்டிக் கை வலிக்கும் நண்பா, புது ஃபோர்க் வாங்க அவசரப்படாதே. முதலில் கழட்டிப் பார். ஆயில் சீல் போயிருக்கா? ஸ்பிரிங் தளர்ந்து நீளம் குறைஞ்சிருக்கா? குழாய் வளைஞ்சிருக்கா? காரணம் தெரிஞ்சவன்தான் மெக்கானிக். மத்தவன் வெறும் பார்ட்ஸ் மாத்துறவன்!