78 சுற்றில் ஒரு புதுக்கோட்டைக் குரல்

ஹெட்போன் ரெடியா மக்களே? இந்த மாசம் உங்க பிளேலிஸ்ட்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைச் சேர்க்கப் போறோம். பி.யு. சின்னப்பா. அந்த 'பி' புதுக்கோட்டை, 'யு' அப்பா உலகநாதன்.

1916 மே 5-ல் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சின்னசாமி. திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு நம்ம ஊர் கடைத்தெருவில் செல்லுபடியான காலம் அது. அப்பா நாடக நடிகர். பையனுக்குப் படிப்பு ஏறலை, பாட்டு ஏறிச்சு. சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனிக்குப் போயிட்டார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர்தான் ராஜபார்ட். அதே கம்பெனியில் இன்னொரு பையனும் இருந்தார். பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர்.

அப்புறம்தான் இடி விழுந்தது. வயசு வந்ததும் குரல் உடைஞ்சு போச்சு. மகரக்கட்டுன்னு சொல்வாங்க. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி பாடினால்தான் ராஜபார்ட். குரல் போனால் வேலையும் போச்சு. ஊருக்குத் திரும்பினார். முறையா கர்நாடக இசை கற்றார், சிலம்பமும் குஸ்தியும் பழகினார். உடைஞ்ச குரலைச் சாதகம் செய்தே மறுபடி கட்டி எழுப்பினார்.

1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்து நடித்த சில படங்கள் ஓடலை, மறுபடியும் வீடுதான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1940-ல் 'உத்தமபுத்திரன்' கொடுத்தார். அதில் இரட்டை வேடம், படம் பெரிய வெற்றி. அதுக்கப்புறம் 'ஆர்யமாலா', 'கண்ணகி'ன்னு வரிசையா வந்தது. 'பிருத்விராஜன்' படத்தில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவையே கல்யாணம் செய்துகொண்டார்.

எஞ்சினியரிங் படிக்கிறவங்க அவசியம் பார்க்க வேண்டியது 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாபன்'. ஒரு கச்சேரிக் காட்சி. பாடுறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. ஒரே ஃபிரேமில் 5 பேர்! கம்ப்யூட்டர் கிடையாது. லென்ஸின் ஒரு பகுதியை மறைத்து எடுப்பாங்க, ஃபிலிமைப் பின்னால் சுற்றி அடுத்த பகுதியை எடுப்பாங்க. ஒரு முறை தாளம் பிசகினால் எடுத்தது எல்லாமே வீண்.

அந்த நாள் பாட்டு எப்படி வீட்டுக்கு வந்தது? அரக்கு இசைத்தட்டில். நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம். கணக்குப் போட்டுப் பாருங்க, 234 சுற்று முடிஞ்சா பாட்டும் முடிஞ்சது. மேடையில் ஒரு ராகத்தை நினைச்ச அளவுக்கு விரித்துப் பாடிப் பழகினவர், தட்டில் அதை 3 நிமிஷத்துக்குள் சுருக்கணும். முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்கணும். அவர் பாட்டில் வீணான இடமே இல்லாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர்தான் முதல் சூப்பர் ஸ்டார், சின்னப்பா இரண்டாவதுன்னு ஒரு பேச்சு உண்டு. குரல் இனிமையில் பாகவதரை ஜெயிக்கிறது கஷ்டம்தான். ஆனா சின்னப்பா பாடும்போது பாத்திரமும் சேர்ந்தே பாடும். கோவலனுக்கு ஒரு குரல், ராஜாவுக்கு வேற குரல். 1949-ல் 'மங்கையர்க்கரசி'யில் 3 வேடம் போட்டார்.

சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடா வாங்கிக் குவித்தாராம். இனி இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாதுன்னு சமஸ்தானமே தடை போட்டதா ஊரில் இன்னும் கதை சொல்றாங்க.

1951 செப்டம்பர் 23-ல், இதே புதுக்கோட்டையில், திடீர்னு இறந்துபோனார். வயசு 35தான். நாயகனாக அவர் உச்சத்தில் இருந்தது சுமார் 11 வருஷம். 'சுதர்சன்' படம் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

மேடையில் அவர் பாடினது காற்றோட போச்சு. படங்களும், 3 நிமிஷத் தட்டுகளும்தான் மிச்சம். அந்தத் தட்டுகளில் இருந்த பாட்டுகள் பல இப்போ தொகுப்பாகவே இணையத்தில் கிடைக்குது. கரகரப்பு இருக்கும், ஸ்கிப் பண்ணிடாதீங்க. முதல் 2 பாட்டைத் தாண்டுங்க. மூணாவதில் கரகரப்பு காதில் விழாது, ஆள் மட்டும்தான் தெரிவார்.