தோழனை இழந்த மகாகவி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞருள் அல்பிரட் தெனிசன் பெற்ற புகழ் பெரிது. அப்புகழுக்கு வித்தாயது ஓர் இளைஞனின் மரணம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1809ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், லிங்கன்ஷயரிலுள்ள சொமர்ஸ்பி என்னுஞ் சிற்றூரில், குருவானவர் ஒருவரின் மகனாகத் தெனிசன் பிறந்தார். தந்தையார் குடியாலும் மனச்சோர்வாலும் குலைந்தவர். அவ்வீட்டின் இருளிலிருந்து சென்ற இளைஞருக்குக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1829இல் கிடைத்த ஒளியே ஆதர் ஹலம். சரித்திர ஆசிரியர் ஒருவரின் புதல்வராகிய ஹலம், தெனிசனின் பாடல்களைப் பத்திரிகையிற் பாராட்டி எழுதினார்; தெனிசனின் தங்கை எமிலியை மணக்கவும் நிச்சயமாயிற்று.

1833 செப்டெம்பர் 15ஆம் நாள், தந்தையாருடன் யாத்திரை சென்றிருந்த ஹலம், வியன்னா நகரில் திடீரெனக் காலமானார். வயது 22. உலாவித் திரும்பிய தந்தையார் மகன் உறங்குகின்றான் என்றே முதலில் நினைத்தாராம்.

அன்று தொடங்கிய கையறுநிலைப் பாடல்கள் நூலாகப் பதினேழு ஆண்டுகள் சென்றன. நூல் செய்யும் நோக்கம் அவருக்கு முதலில் இல்லை. துயரம் மிகும்போதெல்லாம் நீண்டதொரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். நண்பன் எங்கே? உடலோடு அவன் ஆன்மாவும் மாண்டதா? பிரசங்க பீடத்து விடை அவருக்குப் போதவில்லை. லயல் என்னும் பூகர்ப்ப சாஸ்திரியின் நூலை அவர் கற்றிருந்தார். மலைகளும் கரைகின்றன, உயிரினங்கள் முழுமையாய் மறைந்து கல்லிற் சுவடாய்க் கிடக்கின்றன என்று அது காட்டிற்று. ஓர் இனத்தையே காவாத இயற்கை ஒரு தனி மனிதனையா காக்கும்? டார்வினின் நூல் 1859இல் வெளிவருமுன்பே இவ்வையம் தெனிசனை வாட்டியது.

ஆன்மாவின் அழியாமையை அறிவினால் நிறுவ அவரால் இயலவில்லை. இறுதியிற் பற்றிக்கொண்டது ஒன்றே: இறந்தவன்மீது தாம் வைத்த அன்பு ஆண்டுகள் பல சென்றும் அழியவில்லை, அன்பு அழியாதிருக்க, அன்புக்குரியவன் மட்டும் அழிவானோ என்பது. தருக்க சாஸ்திரி இதனை ஒப்பமாட்டார். ஆயினும் ஐயத்தை மறையாது பாடியமையே அந்நூலின் உயர்வு என்பது எம் துணிபு.

சிறுவயது முதலே தனித்திருந்து தம் பெயரை உள்ளத்துள் உருவேற்றினால், தான் என்னும் எல்லை கரைந்து, மரணம் பொருளற்றதாகத் தோன்றும் ஒரு நிலை தமக்கு வாய்ப்பதுண்டு என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். நாமஜபம் பழகிய நம்மவர்க்கு இது புதுமையன்று. தம் பெயரையே ஜபித்தாரென்பதுதான் புதுமை!

ஐயம் அவருடைய இல்வாழ்வையும் தடுத்தது. எமிலி செல்வூட் என்னும் நங்கையோடு செய்த விவாக நிச்சயம் 1840இல் முறிந்தது. வறுமை ஒரு காரணம். சமயப்பற்று மிக்க அந்நங்கைக்கு இவர்தம் ஐயங்கள் மற்றொரு காரணம். பத்தாண்டு கழிந்து, அப்பாடல்களைப் படித்த பின்பே அவர் மனந்தேறினார்.

இன் மெமோரியம் என்னும் அந்நூல் 1850இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. (கையெழுத்துப் பிரதியை இலண்டன் விடுதியொன்றில் மறந்துவிட்டு வர, இன்னொரு கவிஞர் தேடியெடுத்துக் கொடுத்தார்.) ஜூன் 13இல் விவாகம், நவம்பரில் அரசவைக் கவிஞர் பதவி. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா மகாராணியார் அந்நூலில் ஆறுதல் கண்டு, அடுத்த ஆண்டு கவிஞரை நேரில் அழைத்துப் பேசினார்.

1892 அக்டோபர் 6இல் தெனிசன் காலமானார். 1852இற் பிறந்த மகனுக்கு ஹலம் என்றே பெயரிட்டிருந்தார். தந்தையாரின் சரித்திரத்தை 1897இல் எழுதி வெளியிட்டவர் அந்த ஹலமே.