சங்கிலிக்கு எல்லை கட்டிய கரோதர்ஸ்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் கதையை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத எங்கள் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனவே 30 வருஷம் எனக்குச் சோறு போட்ட நைலானையும், அதை உலகுக்குக் கொடுத்துவிட்டு அதன் புகழைப் பார்க்காமலே போய்விட்ட ஒரு மனிதரையும் பற்றி எழுதுகிறேன். கெமிஸ்ட்ரி படிக்காத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

வாலஸ் ஹியூம் கரோதர்ஸ் 1896 ஏப்ரல் 27 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு வணிகக் கல்லூரியில் ஆசிரியர். மகனும் முதலில் அங்கே கணக்கு எழுதத்தான் படித்தார். 1915-இல் மிசௌரி மாநிலத்தில் இருந்த டார்க்கியோ என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வேதியியல் பேராசிரியர் வேறு இடத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். முதல் உலகப் போர்க் காலம், பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? மாணவராக இருந்த கரோதர்ஸையே பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள்! அந்தக் கல்லூரி 1992-இல் மூடப்பட்டது. ஆனாலும் நைலானின் கதையை யார் எழுதினாலும் அந்தப் பெயரை விட முடியாது. சின்னக் கல்லூரியில் படித்த நமக்கெல்லாம் இது ஒரு தெம்புதானே!

1924-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், பிறகு ஹார்வர்டில் ஆசிரியர் வேலை. அந்தச் சமயத்தில்தான் டூபாண்ட் கம்பெனி ஆராய்ச்சிக்கு அழைத்தது. முதலில் மறுத்தார். தனக்கு அவ்வப்போது மனச்சோர்வு வந்து வேலை ஓடாமல் போகும், கம்பெனியில் அது பெரிய இடைஞ்சலாகும் என்று அவரே ஒளிக்காமல் எழுதிவிட்டார். கம்பெனி விடவில்லை. 1928-இல் வில்மிங்டன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அப்போது ரப்பர், பட்டு போன்றவை உண்மையிலேயே பெரிய மூலக்கூறுகளா, அல்லது சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு விதத்தில் ஒட்டிக்கொண்ட கூட்டமா என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கரோதர்ஸ் வாதம் பண்ணவில்லை. தெரிந்த சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கோத்து, நீள மூலக்கூறைச் செய்தே காட்டிவிடலாம் என்று இறங்கினார்.

ஒரு மைதானத்தில் பிள்ளைகள் கைகோத்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கை. 100 கைகளில் 95 கோத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் சராசரி வரிசையில் 20 பேர்தான் இருப்பார்கள். 99 கோத்தால்தான் 100 பேர் கொண்ட வரிசை வரும். கடைசி நாலு கையில்தான் விஷயமே இருக்கிறது! இந்தக் கணக்குக்குத்தான் இன்றும் பாடப் புத்தகத்தில் கரோதர்ஸ் சமன்பாடு என்று பெயர்.

அவருடைய குழுவுக்கும் மூலக்கூறு எடை 5,000, 6,000 என்ற அளவிலேயே நின்றுபோனது. வினையில் வெளிவரும் தண்ணீர்தான் கோத்த கைகளைப் பிரித்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, வெற்றிடத்தில் அதை வெளியேற்றினார்கள். 1930-இல் எடை 12,000-ஐத் தாண்டியது. குழுவில் இருந்த ஜூலியன் ஹில் அந்த உருகலில் கோலை விட்டுத் தூக்கியபோது, பட்டு மாதிரி இழை வந்தது. அதே 1930-இல் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரும் அந்தக் குழுவில்தான் பிறந்தது. முதல் இழை சீக்கிரம் உருகிவிடும், துணிக்கு உதவாது. ஐந்து வருஷம் கழித்து, 1935 பிப்ரவரி 28 அன்று நைலான் 66 கிடைத்தது.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. இதுவரை நீளம் போதவில்லை என்று கவலை. இப்போது நீளம் நிற்கவில்லை என்று கவலை! உருகிய நைலானை நூலாக இழுக்கும்போதும் உள்ளே கைகோத்துக்கொண்டே இருந்தது. நேரம் ஆக ஆகப் பாகு தடித்தது. காலையில் ஒரு நூல், மாலையில் ஒரு நூல் என்றால் காலுறை பின்ன முடியுமா?

விடை அவருடைய கணக்கிலேயே இருந்தது. அமீன் அணியில் 100 பேர், அமில அணியில் 99 பேர் என்று மாற்றி மாற்றி நிறுத்தினால், 199 பேரோடு வரிசை முடிந்துவிடும். இரண்டு முனையிலும் ஒரே அணிக்காரர்கள், கோக்க எதிராள் இல்லை. இன்னொரு வழி, ஒரு கை மட்டும் உள்ளவரைக் கூட்டத்தில் விடுவது. அவர் யார் கையைப் பிடித்தாலும் அந்த முனை அத்தோடு நின்றது. அந்த ஒற்றைக் கைக்காரர்தான் அசெட்டிக் அமிலம், நம் வீட்டு வினிகரில் இருப்பதுதான். நூற்றுக்கு ஒன்று அளவிலோ அதற்குக் குறைவாகவோ போட்டால் போதும், பாகு நிலையாக நிற்கும். டூபாண்ட் வேதியியலாளர்கள் இதைக் கையாண்ட பிறகுதான் நைலான் ஆலைக்குப் போகத் தகுதியானது.

இதன் அருமை எனக்கு ஒரு ராத்திரி ஷிஃப்டில் தெரிந்தது. நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு பேட்சுக்கு அந்த அமிலத்தை விட்டுவிட்டோம். லாக் புக்கில் டிக் இருந்தது, டாங்க்கில் சரக்கு இல்லை. விஸ்காசிட்டி ஏறி, நூல் அறுந்து அறுந்து விழுந்தது. விடியும்வரை மெஷினைக் கழுவினோம். டிக் போட்ட கை என்னுடையதுதான்.

கரோதர்ஸின் குழுவில் 1934-இல் சேர்ந்த இளைஞர் பால் ஃப்ளோரி. வேறு வகைப் பாலிமர்களில், வளரும் சங்கிலி ஒன்று தன் உயிர்ப்பை இன்னொரு மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு நிற்கலாம் என்று 1937-இல் சொன்னார். தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கொடுத்துவிட்டு நிற்பது மாதிரி. இரண்டாம் உலகப் போர்க் காலச் செயற்கை ரப்பரில் மெர்காப்டன் சேர்த்து நீளத்தை அடக்கியது இந்த வழியில்தான். ஃப்ளோரிக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கரோதர்ஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1936-இல் திருமணம். அதே வருஷம் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் உறுப்பினரானார். தொழில்துறையிலிருந்து அந்தக் கௌரவம் பெற்ற முதல் கரிம வேதியியலாளர் அவர்தான். ஆனாலும் தனக்கு இனிப் புது யோசனையே வராது, தான் தோற்றுப்போனவன் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1937 ஜனவரியில் தங்கை இசபெல் இறந்தார். ஏப்ரல் 29 அன்று, 41 வயது நிறைந்த இரண்டாம் நாள், பிலடெல்பியாவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகள் பிறந்தது அந்த நவம்பரில். நைலானை உலகுக்கு அறிவித்தது 1938-இல். அமெரிக்கா முழுக்கக் காலுறை விற்பனைக்கு வந்தது 1940 மே 15-இல்.

பரீட்சையில் கரோதர்ஸ் சமன்பாட்டை எழுதும் தம்பி தங்கைகளே, அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதித்தாலும் மனசு பொய் சொல்லும். அது வியாதி, கோழைத்தனம் கிடையாது. இன்று அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. மனசு கனத்தால் வீட்டிலோ, வாத்தியாரிடமோ, டாக்டரிடமோ சொல்லுங்கள். யாரும் இல்லை என்று தோன்றினால், இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் எங்கள் முகவரிகள் இருக்கின்றன. ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டலாம்.

வாழ்க நம் கல்லூரி!