ஆயிரத்துக்கு ஒன்று: ஜக்கி ரொபின்சனும் பிழைத்துப்போன கணிப்புகளும்

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதத்தில் அமெரிக்க விளையாட்டு ஊடகங்கள் எல்லாம் ஒரே வேலையில் இறங்கிவிடுகின்றன. பேஸ்போல் பருவம் தொடங்குவதற்கு முன்னரே, 30 அணிகளில் எது எத்தனை ஆட்டங்களை வெல்லும், எந்த வீரர் எவ்வளவு அடிப்பார், யார் இந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று பட்டியல் பட்டியலாக எழுதுகிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். ஒக்டோபரில் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பட்டியல்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. நான் பார்ப்பதுண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த விளையாட்டு தாமதமாகத்தான் அறிமுகமானது. ஆனால் ஊடகக் கற்கைகள் படித்த காலத்திலிருந்தே, எதிர்காலம் பற்றி ஊடகங்கள் எவ்வளவு உறுதியோடு எழுதுகின்றன என்பது என் கவனத்தை ஈர்த்து வந்திருக்கிறது.

இன்றைய கணிப்புகள் கணினி வழியானவை. அவற்றில் மிக எளிமையானதற்கு மார்செல் என்று ஒரு குரங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். குரங்குகூடச் செய்யக்கூடிய கணக்கு என்பது அதன் பொருள். ஒரு வீரரின் கடந்த மூன்று ஆண்டுப் பெறுபேறுகளை எடுத்து, அண்மைய ஆண்டுக்குக் கூடிய நிறை கொடுத்து, சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்கு ஏற்பத் திருத்தினால் அடுத்த ஆண்டின் கணிப்பு வந்துவிடும். பெரிய லீக்கில் முன்பதிவே இல்லாத வீரர் என்றால், லீக்கின் சராசரி எண்ணே அவருக்கும் போடப்படும். அவரைப் பற்றி அந்தக் கணக்குக்கு எதுவும் தெரியாது.

எதுவும் தெரியாத இடத்தில் கணினி சராசரியைப் போடுகிறது. மனிதர்கள் அதே இடத்தில் என்ன போட்டார்கள் என்பதற்கு ஜக்கி ரொபின்சனின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று விளையாட்டு வரலாற்றில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தெருக்கூட்டிய ஒலிம்பிக் வீரர்

ரொபின்சன் 1919 ஜனவரி 31ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் பிறந்தார். பிறருடைய காணியில் பயிர் செய்து விளைச்சலில் பங்கு கொடுத்துச் சீவித்த குடும்பம். ஐந்து பிள்ளைகளில் அவர் கடைசி. தந்தை குடும்பத்தை விட்டுப் போனார். அடுத்த ஆண்டே தாய் மாலி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி, நாட்டின் மறுகரையில் இருக்கும் கலிபோர்னியாவின் பசடேனா நகருக்குப் போனார். வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். வெள்ளையினத்தவர் வாழ்ந்த தெருவில் ஒரு வீட்டுக்கு அவர்கள் குடிபோனபோது, அயலவர்கள் அவர்களை வெளியேற்ற முயன்றார்கள். தாய் அசையவில்லை.

அண்ணன் மக் ரொபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில், ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஊர் திரும்பிய அவருக்கு நகரசபையில் கிடைத்தது தெருக்கூட்டும் வேலை. ஒலிம்பிக் அணியின் மேலங்கியை அணிந்துகொண்டே அந்த வேலையைச் செய்தார். திறமை இருந்தால் வழி திறக்கும் என்ற நம்பிக்கைக்குத் தம்பி தன் வீட்டிலேயே கண்ட பதில் அது.

தம்பி லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்போல் என நான்கு விளையாட்டுகளிலும் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். அங்கே அப்படிச் செய்த முதலாமவர் அவர்தான். நான்கிலும் அவர் மோசமாக ஆடியது பேஸ்போல். 1940இல் அவருடைய அடிச் சராசரி 0.097. பேஸ்போலில் பத்துத் தடவை முயன்று மூன்று தடவை வெற்றிகரமாக அடிப்பவர் நல்ல துடுப்பாட்ட வீரர். ரொபின்சன் பத்தில் ஒன்றுகூட அடிக்கவில்லை. அந்த ஆண்டுப் புள்ளிவிபரத்தை மட்டும் வைத்துக் கணித்திருந்தால், இவரை அந்த ஆட்டத்தில் மறந்துவிடுங்கள் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

பஸ்ஸின் பின்னிருக்கை

1942இல் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, 1943 ஜனவரியில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944 ஜூலை 6ஆம் திகதி டெக்சாஸின் ஹூட் முகாமில், பஸ்ஸின் பின்பகுதிக்குப் போகும்படி சாரதி இட்ட கட்டளைக்கு அவர் பணிய மறுத்தார். இராணுவ பஸ்களில் இனப் பிரிப்பு அப்போது விதிப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனாலும் கீழ்ப்படியாமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அவர்தான். ஓகஸ்டில் ஒன்பது அதிகாரிகள் கொண்ட குழு அவரை விடுவித்தது. அதற்குள் அவர் முன்பு இணைந்திருந்த 761ஆவது தாங்கிப் படைப்பிரிவு ஐரோப்பியப் போர்முனைக்குப் புறப்படத் தயாராகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் இராணுவத்திலிருந்து விலகினார்.

1945இல், மாதம் 400 டொலர் சம்பளத்துக்கு, கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ லீக்கில் கான்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் அணியில் சேர்ந்தார். பெரிய லீக்குகளில் அறுபது ஆண்டுகளாகக் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இருக்கவில்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வெண்டெல் ஸ்மித் என்ற ஊடகவியலாளர் வருகிறார். பிற்ஸ்பேர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர். 1945 ஏப்ரலில் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் மைதானத்தில் மூன்று கறுப்பின வீரர்களுக்குத் தேர்வுப் பயிற்சி நடக்க வழி செய்தவர்களில் ஒருவர். மூவரில் ஒருவர் ரொபின்சன். இன்னொருவரான சாம் ஜெத்ரோ 1950இல் வேறோர் அணிக்கு ஆடி, நஷனல் லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தெரிவானார். ரெட் சொக்ஸ் மூவரில் எவரையும் எடுக்கவில்லை. பெரிய லீக்கில் கறுப்பின வீரரைச் சேர்த்த கடைசி அணி, 1959இல், அவர்களே. பொஸ்டனிலிருந்து திரும்பும் வழியில் ஸ்மித் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியைச் சந்தித்து, ரொபின்சனின் பெயரைச் சொன்னார்.

ஓகஸ்ட் 28ஆம் திகதி ரிக்கி ரொபின்சனை நேரில் அழைத்தார். வசைகளையும் தாக்குதல்களையும் ஒவ்வொன்றாக நடித்துக் காட்டி, ஆரம்ப காலத்தில் எதற்கும் திருப்பித் தாக்குவதில்லை என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டார். ஒக்டோபர் 23ஆம் திகதி, டொட்ஜர்ஸின் இரண்டாம் நிலை அணியான மொன்றியல் றோயல்ஸ் அவரை ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது.

மூன்று கணிப்புகள்

கணிப்புகள் உடனே வந்தன. நியூயோர்க்கின் டெய்லி நியூஸ் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஜிமி பவர்ஸ், ரொபின்சன் பெரிய லீக்கில் தேறுவதற்கான வாய்ப்பை ஆயிரத்துக்கு ஒன்று என்று எழுதினார். அன்றைய முன்னணிப் பந்துவீச்சாளர் பொப் ஃபெலர், கால்பந்து வீரருக்குரிய தோள்கள் கொண்ட இவரால் உடலுக்கு நெருக்கமாக வரும் பந்துகளை அடிக்க முடியாது என்றார். பேஸ்போலின் வேதம்போல் கருதப்பட்ட ஸ்போர்ட்டிங் நியூஸ் வார இதழோ, இவர் வெள்ளையராகவும் ஆறு வயது இளையவராகவும் இருந்திருந்தால் ஒரு கீழ்மட்டப் பயிற்சி அணியில் முயன்று பார்க்கலாம் என்ற அளவில் மதிப்பிட்டது.

மூன்றும் தொழில்நுட்ப மதிப்பீடுகள் போலவே எழுதப்பட்டிருந்தன. தோள், வயது, தரம். வெறுப்பை வெளிப்படையாகக் காட்டும் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அவரைத் தம் மைதானங்களுக்குள் விடாததால்தான் அவரைப் பற்றிய பதிவு அவர்களிடம் இருக்கவில்லை. அந்தப் பதிவின்மையே பிறகு அவரை விடக்கூடாது என்பதற்குக் காரணமாகியது. எந்தக் கணிப்பைப் படித்தாலும் அதை எழுதியவரிடம் யாருடைய பதிவு இருந்தது, யாருடையது இல்லை என்று நான் தேடுவது இதனால்தான்.

1946 பெப்ரவரியில் ரேச்சல் ஐசமைத் திருமணம் செய்தார். தம்பதியர் புளோரிடாவில் நடந்த பயிற்சி முகாமுக்குப் புறப்பட்டபோது வழியில் இரு முறை விமானத்திலிருந்து இறக்கப்பட்டு, கடைசியில் பஸ்ஸின் பின்னிருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். சான்ஃபோர்ட் நகரம் அவரை இருக்கவிடவில்லை. ஜக்சன்வில்லில் மைதானத்தின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன.

ஏப்ரல் 18ஆம் திகதி ஜேர்சி சிற்றியில் முதல் ஆட்டம். ஐந்து முயற்சிகளில் நான்கு அடிகள், அவற்றில் ஒன்று ஹோம் ரன். இரண்டு முறை தளம் திருடினார். பந்து வீசப்படும் நேரத்துக்குள் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதைத்தான் பேஸ்போலில் திருட்டு என்பார்கள். அணி 14-1 என வென்றது. பருவம் முடியும்போது அவருடைய சராசரி 0.349, லீக்கிலேயே அதிகம். அணியும் பட்டம் வென்றது. மொன்றியல் இரசிகர்கள் அன்பு மிகுதியால் அவரைத் தெருவில் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

1947 வசந்தத்தில், அவர் டொட்ஜர்ஸுக்கு வரக்கூடாது என்று அணிக்குள்ளேயே சில வீரர்கள் மனு ஒன்றை எழுதினார்கள். பயிற்றுநர் லியோ டுரோஷர் அதை நசுக்கினார். பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் வேறு காரணத்துக்காக டுரோஷரே ஓராண்டு தடைசெய்யப்பட்டார். ஏப்ரல் 15ஆம் திகதி எபெட்ஸ் மைதானத்தில், தனக்குப் பழக்கமில்லாத முதலாம் தளக் காவலில் ரொபின்சன் நின்றார். அன்று அடி எதுவும் கிடைக்கவில்லை. சில நாட்களில் பிலடெல்பியா அணியின் பயிற்றுநரும் வீரர்களும் ஆட்டம் முழுவதும் இனவசைகளைக் கத்தினார்கள். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. அந்த மாத முடிவில் தொடர்ந்து 20 முயற்சிகளில் ஓர் அடியும் இல்லை. அந்த வாரத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

செப்டெம்பரில் எண்கள் வேறாக இருந்தன. சராசரி 0.297, ஓட்டங்கள் 125, திருடிய தளங்கள் 29. டொட்ஜர்ஸ் நஷனல் லீக் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை ஸ்போர்ட்டிங் நியூஸ் அவருக்கே வழங்கியது.

அடுத்த ஆண்டு பார்ப்போம் என்ற நகரம்

வாக்குறுதிக் காலம் முடிந்ததும் ரொபின்சன் நடுவர்களோடு வாதிட்டார், எதிரணிக்குப் பதில் சொன்னார். அமைதியாக இருந்தபோது பாராட்டிய பத்திரிகைகள் சில, இப்போது அவரைத் திமிர் பிடித்தவர் என்றன. 1949இல் 0.342 சராசரியோடு லீக்கின் பெறுமதிமிக்க வீரர் ஆனார்.

அவருடைய காலத்து டொட்ஜர்ஸ், கணிப்பாளர்களுக்குக் கடினமான அணி. 1951 ஓகஸ்டில் 13 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் துரத்திப் பிடித்தது. கடைசி நாளில் 14ஆவது இன்னிங்ஸில் ரொபின்சன் அடித்த ஹோம் ரன் அணியைக் காப்பாற்றி மேலதிக ஆட்டங்களுக்குக் கொண்டுபோனது. அங்கே பொபி தொம்சனின் ஒரே அடியில் எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் தலைகுனிந்து வெளியேற, தொம்சன் எல்லாத் தளங்களையும் ஒழுங்காகத் தொடுகிறாரா என்று ரொபின்சன் மைதானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உலகத் தொடரில் யாங்கீஸிடம் ஐந்து முறை தோற்ற புரூக்ளின், 1955இல்தான் வென்றது.

1956 முடிவில் அணி அவரை ஜயன்ற்ஸுக்கு மாற்றியபோது, போகாமல் ஓய்வு பெற்றார். பத்துப் பருவங்களில் சராசரி 0.311, நஷனல் லீக் பட்டங்கள் ஆறு. 1962இல் புகழரங்குக்குத் தெரிவானார். 160 வாக்குகளில் 124 கிடைத்தன. தேவைப்பட்டவை 120. அதே நாளில் அவரோடு அந்த மேடையில் நின்ற இன்னொருவர் பொப் ஃபெலர்.

பின்னைய வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. சிவில் உரிமை இயக்கத்துக்காக நாடெங்கும் போனார். 1960இல் நிக்சனை ஆதரித்தார், பின்னர் அதற்காக வருந்தினார். மூத்த மகன் வியட்நாம் போரில் காயமடைந்து, போதைப்பொருள் பழக்கத்தோடு வீடு திரும்பினார். சிகிச்சை பெற்று மீண்டு, மற்றவர்கள் மீள்வதற்கு உதவிக்கொண்டிருந்த வேளையில், 1971இல் கார் விபத்தில் 24 வயதில் இறந்தார். போர் முடிந்த பிறகும் வீட்டுக்குள் தொடரும் போரைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1972 ஒக்டோபர் 15ஆம் திகதி, நீரிழிவால் பார்வை மங்கிய நிலையில், உலகத் தொடர் மைதானத்தில் அவரைக் கௌரவித்தார்கள். பெரிய லீக்கில் கறுப்பினப் பயிற்றுநர் ஒருவரைக் காணும் நாளையே தான் எதிர்பார்ப்பதாக அங்கு கூறினார். ஒன்பது நாட்களில், 53 வயதில் இறந்தார். 1975இல் பிராங்க் ரொபின்சன் கிளீவ்லாந்தின் பயிற்றுநராக மைதானத்தில் இறங்கினார்.

வெண்டெல் ஸ்மித் கடைசியாக எழுதிய பத்தி ரொபின்சனுக்கான அஞ்சலி. அடுத்த மாதமே அவரும் இறந்தார். 1947இல் ஊடகவியலாளர் மாடத்தில் இடம் மறுக்கப்பட்ட ஸ்மித்துக்கு, பேஸ்போல் எழுத்தின் மிக உயரிய விருது 1993இல் வழங்கப்பட்டது. அந்த விருது அப்போது ஸ்போர்ட்டிங் நியூஸின் வெளியீட்டாளர் ஸ்பிங்கின் பெயரைத் தாங்கியிருந்தது. இனத் தடையை ஆதரித்த இதழ் என்ற காரணத்தால் 2021இல் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என ஏற்கப்பட்டன. 2024 மே மாதம் அவற்றின் பதிவுகள் அதிகாரபூர்வப் புள்ளிவிபரத்தில் சேர்ந்தன. அன்று வாழ்நாள் அடிச் சராசரியில் முதலிடத்துக்கு வந்த பெயர் ஜோஷ் கிப்சன், 0.372. அவர் 1947 ஜனவரி 20ஆம் திகதி, ரொபின்சனின் முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதங்களுக்கும் குறைவான காலம் இருக்கையில், 35 வயதில் இறந்துபோனார். பெரிய லீக் பருவம் எதற்கும் முன்னர் அவரைப் பற்றி யாரும் கணிப்பு எழுதியதில்லை.